நுரை அடங்குமுன் கேளுங்கள்!

◆ ஷாம்பெயினும் ஸ்பார்க்ளிங் ஒயினும் ஒன்றுதானே, மாமா? – வாசகர், கும்பகோணம்

எல்லா ஷாம்பெயினும் ஸ்பார்க்ளிங் ஒயின்தான். எல்லா ஸ்பார்க்ளிங் ஒயினும் ஷாம்பெயின் அல்ல. ஷாம்பெயின் என்பது பிரான்ஸின் வடகிழக்கில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயர். ரான்ஸ், எபெர்னே என்ற ஊர்கள் அதன் இரண்டு கண்கள். அந்த மண்ணில் விளைந்த திராட்சையை, அந்த ஊர் விதிப்படி, அங்கேயே ஒயினாக்கினால்தான் அந்தப் பெயர். வேறு ஊரில் கிண்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா என்றால் விடுவார்களா?

◆ பெயருக்குப் போய் இத்தனை சண்டையா? – வாசகி, தூத்துக்குடி

சுவிட்சர்லாந்தில் ஷாம்பெயின் என்றே ஒரு கிராமம் உண்டு. அங்கேயும் ஒயின் செய்கிறார்கள், நுரைக்காத வெள்ளை ஒயின். 2004 முதல் அந்த ஒயினுக்குத் தங்கள் ஊர்ப் பெயரைப் போட அவர்களுக்கு அனுமதி இல்லை. ஊர்ப் பலகையில் எழுதலாம், பாட்டிலில் எழுதக்கூடாது!

◆ ரஷ்யாவில் ஏதோ தலைகீழாக நடந்ததாமே? – வாசகர், காரைக்குடி

நடந்தது. 2021-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ‘ஷாம்பான்ஸ்கோயே’ என்ற ரஷ்யச் சொல் இனி ரஷ்யாவில் செய்ததற்கு மட்டுமே சொந்தம். அசல் ஷாம்பெயின் தன் பின்பக்க லேபிளில் ‘நுரைக்கும் ஒயின்’ என்று ரஷ்ய மொழியில் போட்டுக்கொள்ள வேண்டும். குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரரிடமே வாடகை கேட்ட கதை.

◆ ப்ராசெக்கோ, காவா, க்ரெமான் என்று கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தலை சுற்றுகிறது. – வாசகர், கோவை

குடிக்குமுன்பே சுற்றினால் எப்படி? ப்ராசெக்கோ இத்தாலியின் வடகிழக்கு. திராட்சையின் பெயர் க்ளெரா. காவா ஸ்பெயின், பெரும்பாலும் கட்டலோனியா. க்ரெமான் பிரான்ஸ்தான், ஆனால் ஷாம்பெயின் வட்டாரத்துக்கு வெளியே. ஃப்ரான்சியகோர்த்தா இத்தாலியின் லொம்பார்டி. ஸெக்ட் என்றால் ஜெர்மனி. குமிழி ஒன்றுதான், குடும்பம் வேறு வேறு.

◆ குமிழி பாட்டிலுக்குள் எப்படிப் போகிறது? – மாணவர், மதுரை

போகவில்லை, உள்ளேயே பிறக்கிறது. தயாரான ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடையும் விடும். வெளியே போக வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்துவிடும். உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம், கார் டயரில் இருப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டிலை மரியாதையாகப் பிடியுங்கள்.

◆ கோலி சோடாவிலும் அதே வாயுதானே? பிறகு என்ன பெரிய வித்தியாசம்? – வாசகர், திண்டுக்கல்

வாயு அதேதான். சோடாவில் அது பம்பிலிருந்து வந்தது, ஷாம்பெயினில் ஈஸ்ட்டின் பசியிலிருந்து வந்தது. பசியில் வந்ததோடு ருசியும் கூட வரும்.

◆ ப்ராசெக்கோ மட்டும் ஏன் மலிவு? தரக்குறைவா? – வாசகி, சேலம்

ஷாம்பெயினில் இரண்டாவது நொதிப்பு ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நடக்கும். ப்ராசெக்கோவில் பெரும்பாலும் ஒரு பெரிய எஃகுத் தொட்டிக்குள் மொத்தமாக நடக்கும். இத்தாலியின் மார்ட்டினோட்டி 1895-இல் இந்த வழிக்குக் காப்புரிமை வாங்கினார். பிரான்ஸின் ஷார்மா 1907-இல் அதைச் செம்மையாக்கினார். வருஷக்கணக்கு வாரக்கணக்காகச் சுருங்கியது, விலையும் சுருங்கியது. பழ வாசனை வாடாமல் இருக்க அந்த அவசரம் தேவையும்கூட. அண்டா சாம்பாரை மட்டம் என்பவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை.

◆ அப்படியானால் காவாவும் தொட்டிச் சரக்குதானா? – வாசகர், நாகர்கோவில்

நாவை அடக்குங்கள்! காவா, ஷாம்பெயின் முறையிலேயே பாட்டிலுக்குள் நுரைப்பது. 1872-இல் சான்ட் சதுர்னி தெ அனோயா என்ற ஊரில் கொடோர்னியூ குடும்பத்து ஜுசெப் ரவென்டோஸ் அதைத் தொடங்கிவைத்தார். மகபேயோ, ஷரேலோ, பரெயாதா என்ற உள்ளூர்த் திராட்சைகள். காவா என்றால் நிலவறை. உழைப்பு ஷாம்பெயினுடையது, விலை நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது.

◆ நல்ல ஷாம்பெயினில் ரொட்டி வாசனை அடிக்கிறது என்கிறார்கள். திராட்சையில் ரொட்டி எங்கிருந்து வந்தது? – வாசகி, திருச்சி

ஈஸ்ட்டிடமிருந்து. சர்க்கரை தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து, பாட்டிலின் அடியில் படிந்து, மெல்லச் சிதைந்து ஒயினில் கரைகிறது. ரொட்டி, வெண்ணெய், வறுத்த பருப்பு வாசனைகள் அதன் உபயம். லேபிளில் வருஷம் போடாத ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், வருஷம் போட்டது 36 மாதம். காவாவுக்கு 9 மாதம் போதும், கிரான் ரெசெர்வா என்றால் 30. செத்தும் கொடுத்த சீதக்காதி இங்கே ஈஸ்ட்!

◆ செத்த ஈஸ்ட் அடியில் இருக்குமென்றால் பாட்டில் ஏன் கலங்கலாக இல்லை? – வாசகர், ஈரோடு

பாட்டிலைத் தலைகீழாக்குகிறார்கள். துளையிட்ட மரப்பலகையில் செருகி, வாரக்கணக்கில் தினம் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் சாய்த்துக்கொண்டே போனால் வண்டல் கழுத்தில் வந்து கூடும். கழுத்தை மட்டும் உறையவைத்துத் திறந்தால், உள்ளழுத்தம் வண்டல் கட்டியை வெளியே தள்ளும். இன்று பெரும்பாலும் இயந்திரக் கூண்டு அந்தத் திருப்பும் வேலையை ஒரு வாரத்தில் முடிக்கிறது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது என்பது இதுதான்.

◆ இந்தத் தலைகீழ் யோசனை யாருடையது? – வாசகி, புதுச்சேரி

வ்வூவ் க்ளிக்கோ நிறுவனத்தில், 1816 வாக்கில் பிறந்தது என்பார்கள். ‘வ்வூவ்’ என்றால் பிரெஞ்சில் விதவை. பார்ப் நிக்கோல் க்ளிக்கோ 1805-இல் கணவரை இழந்தபோது வயது 27. மாமனாரிடம் பேசித் தொழிலைக் கையில் எடுத்தார். 1814-இல் நெப்போலியன் போர் ஓய்ந்த கையோடு கப்பல் பிடித்து, போட்டியாளர்கள் விழிப்பதற்குள் ரஷ்யாவுக்குச் சரக்கை அனுப்பிவிட்டார். மூலையில் உட்காரச் சொன்ன காலத்தில், மூலைமுடுக்கெல்லாம் விற்ற பெண்.

◆ அவர் ஒருவர்தானா? – அதே புதுச்சேரி வாசகி

லூயிஸ் பொமெரியும் இருக்கிறார், அவரும் விதவைதான். எல்லோரும் ஷாம்பெயினைப் பாயசம் மாதிரி குடித்த காலத்தில், இனிப்பைக் குறைத்த ‘ப்ரூட்’டை 1874-இல் துணிந்து சந்தைக்கு அனுப்பினார். இன்று உலகம் கேட்பதே அதைத்தான்.

◆ ஷாம்பெயினைக் கண்டுபிடித்தவர் தோம் பெரிஞோன் என்ற துறவிதானே? – வாசகர், தஞ்சாவூர்

இல்லை. ஓவில்லேர் மடத்துக்கு அவர் வந்தது 1668-இல். அதற்கு 6 வருஷம் முன்பே, 1662-இல், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு கட்டுரை கொடுத்துவிட்டார்: ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்கிறார்கள் என்று. துறவி பாடுபட்டதே குமிழியை ஒழிக்கத்தான். ‘நட்சத்திரங்களைக் குடிக்கிறேன்’ என்று அவர் சொன்னதாக உலவுவது பின்னாளில் கட்டிய விளம்பரக் கதை.

◆ பாவம், அப்போது அவருக்குப் பெருமையே இல்லையா? – வாசகி, வேலூர்

உண்டு, பெரிய பெருமை. வெவ்வேறு தோட்டத்துத் திராட்சைகளை அளவறிந்து கலக்கும் கலையில் அவர் கை தேர்ந்தவர். ஷாம்பெயினின் உயிரே கலவைதான். பல தோட்டம், பல வருஷம், மூன்று திராட்சை கலந்து ஒரே ருசியைக் கொண்டுவருகிறார்கள். செய்யாததற்குப் புகழ் கிடைத்தது, செய்ததை யாரும் சொல்வதில்லை. நாம் சொல்வோம்.

◆ கறுப்புத் திராட்சையிலிருந்து எப்படி வெள்ளை ஷாம்பெயின்? – மாணவி, விருதுநகர்

ஷாம்பெயினின் மூன்று முக்கியத் திராட்சைகளில் பினோ நுவார், மியூனியே இரண்டும் கறுப்பு. ஷார்டனே மட்டும் வெள்ளை. நிறம் இருப்பது தோலில். மென்மையாகப் பிழிந்து, தோலை உடனே விலக்கிவிட்டால் சாறு வெள்ளை. கறுப்பில் மட்டும் செய்தால் ‘ப்ளான் தெ நுவார்’, வெள்ளையில் மட்டும் செய்தால் ‘ப்ளான் தெ ப்ளான்’. தோலைப் பார்த்து உள்ளிருப்பதை முடிவு செய்யாதே என்று திராட்சைக்கே தெரிந்திருக்கிறது.

◆ ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று வாங்கினேன், இனித்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – வாசகர், சென்னை

கடைக்காரர் அல்ல, அகராதி. லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை என்றால் ப்ரூட். 12 முதல் 17 வரை எக்ஸ்ட்ரா ட்ரை. 32 முதல் 50 வரை டெமி ஸெக். துளியும் இனிப்பு வேண்டாமென்றால் 3 கிராமுக்குள் இருக்கும் ‘ப்ரூட் நேச்சர்’ கேளுங்கள். ‘எக்ஸ்ட்ரா’ என்று கண்டால் எங்கேயும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

◆ அந்தக் காலத்தில் இதைவிட இனிப்பாகக் குடித்தார்களா? – வாசகர், பாளையங்கோட்டை

சான்று கடலடியில் கிடைத்தது. 2010-இல் பால்டிக் கடலில், ஓலாந்து தீவுகளருகே சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து 168 பாட்டில்கள் மேலே வந்தன. வயது சுமார் 170. சோதித்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் சர்க்கரை! இன்றைய கோலாவே அதனிடம் தோற்கும். முகர்ந்தவர்களுக்கு முதலில் ஈர முடி வாசனை. கிளாஸைச் சுழற்றியதும் புகை, தோல், பழம், பூ. 170 வருஷம் தண்ணீரில் கிடந்தவருக்குத் தலை துவட்ட அவகாசம் கொடுக்க வேண்டாமா?

◆ ருசி பார்ப்பது என்றால் என்ன செய்ய வேண்டும்? குடித்தால் போதாதா? – வாசகர், ஓசூர்

குடிப்பது தொண்டை வேலை, ருசி பார்ப்பது மூக்கு வேலை. முதலில் நிறத்தைப் பாருங்கள். கிளாஸைச் சுழற்றாமல் ஒருமுறை முகருங்கள், மெல்லச் சுழற்றி மறுமுறை. ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரப்புங்கள். புளிப்பு எங்கே குத்துகிறது, நுரை பஞ்சா முள்ளா, விழுங்கிய பின் எத்தனை நேரம் நிற்கிறது? இந்த மூன்றுக்கும் விடை எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்பவர் இரண்டாவது கிளாஸில் மறந்துவிடுவார்.

◆ ஒரே பாட்டிலை நன்றாகக் கவனித்துக் குடித்தால் கற்றுக்கொள்ள முடியாதா? – வாசகி, நாமக்கல்

முடியாது. தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும். தனியாகக் குடித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தோடு நாக்கு நின்றுவிடும். பக்கத்தில் இன்னொன்று வந்தால்தான் ‘இது அதைவிடப் புளிப்பு, அது இதைவிட வாசனை’ என்று பேசத் தொடங்கும். நாக்குக்கு வாய் வருவது ஒப்பிடும்போதுதான்.

◆ எத்தனை பாட்டில், எந்த வரிசை? – வாசகர், திருப்பூர்

நாலைந்து நண்பர்களுக்கு மூன்று பாட்டில் தாராளம். இனிப்பில்லாதது முதலில், இனிப்பு கடைசியில். இளையது முன்னே, முதிர்ந்தது பின்னே. நடுநடுவே தண்ணீரும் வெறும் ரொட்டியும். துப்புவதற்கு ஒரு பாத்திரம் வையுங்கள், அதில் வெட்கமே வேண்டாம், தொழில்காரர்கள் அத்தனை பேரும் துப்புகிறவர்கள். வரிசை எதற்கு என்கிறவர்கள் ஜாங்கிரி தின்ற கையோடு காபி குடித்துப் பாருங்கள்.

◆ ப்ராசெக்கோ, காவா, ஷாம்பெயின் மூன்றையும் பக்கம் பக்கம் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியுமா? – வாசகர், அம்பத்தூர்

தெரியும். வெள்ளைத் துணி மேல் மூன்று கிளாஸ் வைத்து நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது ப்ராசெக்கோ. வெளிறிய வைக்கோல் நிறம். நுரை குபீரென்று எழுந்து சட்டென்று கலைந்தது. பேரிக்காய், பச்சை ஆப்பிள், ஏதோ வெள்ளைப் பூ. இரண்டாவது காவா. எலுமிச்சைத் தோல், மழைக்குப் பிந்தைய மண், கடைசியில் பாதாம் தோலின் மெல்லிய கசப்பு.

மூன்றாவது ஷாம்பெயின். புளிப்பு முன்னே வந்து நின்றது, அதன் முதுகுக்குப் பின்னால் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி. விழுங்கிவிட்டு மனசுக்குள் எண்ணினேன். ப்ராசெக்கோ 5 எண்ணுவதற்குள் விடைபெற்றது, காவா 8 வரை, ஷாம்பெயின் 15 தாண்டியும் போகவில்லை. மூன்றிலும் குறை இல்லை. ஒன்று கலகலப்பு, ஒன்று கறார், ஒன்று நின்று பேசும்.

◆ லேபிளை மறைத்து ருசி பார்க்க வேண்டும் என்கிறார்களே, அவ்வளவு சந்தேகமா? – வாசகர், கரூர்

சந்தேகம் பாட்டில் மேல் அல்ல, கண் மேல். போர்தோ நகரில் ப்ரோஷே என்ற ஆய்வாளர் 54 மாணவர்களுக்கு ஒரே வெள்ளை ஒயினை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார். சிவப்பாகத் தெரிந்ததைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு. படித்தவர்கள், அதுவும் ஒயின் படிப்பு! கண் போட்ட கையெழுத்துக்கு நாக்கு முத்திரை குத்திவிட்டது.

◆ என் கணவர் ‘ஒரு வாயிலேயே சொல்லிவிடுவேன்’ என்று பீற்றிக்கொள்கிறார். சோதிக்க வழி உண்டா? – வாசகி, அண்ணா நகர்

அருமையான வழி உண்டு. மூன்று கிளாஸ் ஊற்றுங்கள், இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. எது தனி என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல மூன்றில் ஒரு வாய்ப்பு. ஐந்து முறை கேளுங்கள். ஐந்தையும் குருட்டாம்போக்கில் சொல்ல 243-இல் ஒரு வாய்ப்புத்தான். ஐந்தும் சரியென்றால் அவரைப் பாராட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்.

◆ சினிமாவில் அகலக் கிண்ணம், ஓட்டலில் ஒல்லிக் கிளாஸ். எது சரி? – வாசகர், வடபழனி

அகலக் கிண்ணத்தில் வாசனையும் வாயுவும் சீக்கிரம் ஓடிவிடும். ஒல்லிக் கிளாஸில் குமிழி அழகாக ஏறும், மூக்குக்கு இடமில்லை. நடுவில் பருத்து மேலே குறுகும் டியூலிப் வடிவமே ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது. மூன்று ஒயினுக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ் என்பது கட்டாயம். மூக்கு நுழையாத இடத்தில் ருசி நுழையாது.

◆ ஒரே பாட்டில், இரண்டு கிளாஸ். ஒன்றில் குமிழி கொத்துக் கொத்தாய் ஏறுகிறது, மற்றது சும்மா இருக்கிறது. ஏன்? – வாசகர், தாம்பரம்

நல்ல கண் உங்களுக்கு. கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு குமிழிச் சரம் எங்கே தொடங்குகிறது என்று உற்றுப் பாருங்கள். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நார் ஒட்டியிருக்கும், துடைத்த துணியிலிருந்தோ காற்றிலிருந்தோ வந்தது. நாருக்குள் சிக்கிய காற்றில்தான் குமிழி உருவாகிறது. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜே-பெலேர் இதை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தவர். துளி நார் இல்லாத மகா சுத்தமான கிளாஸில் குமிழியே எழாது. தூசியாலும் ஒரு நன்மை!

◆ ஒரு கிளாஸில் எத்தனை குமிழி? – பள்ளி ஆசிரியர், சிவகாசி

அதே லிஜே-பெலேர் கணக்குப்படி, குடிக்காமல் விட்டால் சுமார் 10 லட்சம். எண்ணினால் குடிக்க முடியாது, குடித்தால் எண்ண முடியாது.

◆ குமிழி சின்னதாக இருந்தால் உயர்ந்த ஒயின் என்பது உண்மையா? – வாசகி, ஊட்டி

பாதி உண்மை. வருஷம் ஆக ஆக வாயு தக்கை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், குமிழி சிறுக்கும். ஆகவே முதிர்ந்ததில் சின்னக் குமிழி சகஜம். ஆனால் கிளாஸும் குளிரும் குமிழியை மாற்றும். கண்ணை விட்டுவிட்டு வாயைக் கேளுங்கள். நுரை நாக்கில் வெண்ணெய் போல் படர்கிறதா, சோடா போல் அறைகிறதா?

◆ ‘டப்’ என்று சத்தம் வந்தால்தானே கொண்டாட்டம்? – வாசகர், ராயபுரம்

தக்கை மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அது கொண்டாட்டம் அல்ல. நன்றாகக் குளிரவையுங்கள். கட்டைவிரலைத் தக்கை மேலிருந்து எடுக்காமல் கம்பிக் கூண்டை ஆறு அரைச் சுற்றுச் சுற்றித் தளர்த்துங்கள். பாட்டிலைச் சாய்த்து, தக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். ‘உஸ்’ என்ற பெருமூச்சு வந்தால் நீங்கள் தேர்ந்தவர்.

◆ கார் பந்தயத்தில் பீய்ச்சி அடிக்கிறார்களே? – வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

1967-இல் லெ மான் பந்தயத்தை வென்ற டேன் கர்னி ஆரம்பித்த பழக்கம். அன்றிலிருந்து வென்றவருக்குக் குளியல், ருசி பார்ப்பது சட்டை.

◆ மீந்த பாட்டிலின் கழுத்தில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் வாயு போகாதாமே? – வாசகி, மயிலாப்பூர்

போகும், ஸ்பூன் முன்னாலேயே போகும். வாயுவைக் காப்பது குளிர். அழுத்திப் பூட்டும் மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஸ்பூனுக்குச் சாம்பாரில் வேலை இருக்கிறது.

◆ எப்படி ஊற்றுவது, எவ்வளவு குளிர்? – வாசகர், சிதம்பரம்

கிளாஸைச் சாய்த்து, பியர் ஊற்றுவது போல் ஓரமாக. அப்படி ஊற்றினால் வாயு அதிகம் தங்குகிறது என்று 2010-இல் ரான்ஸ் ஆய்வாளர்கள் அளந்தே காட்டினார்கள். குளிர் 8 முதல் 10 டிகிரி. பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம் போதும். ஃப்ரீஸரில் வைத்து மறந்தால் மறுநாள் பாட்டில் உங்களுக்கு நினைவூட்டும்.

◆ குமிழி உள்ளது சீக்கிரம் தலைக்கேறுமாமே? – வாசகர், பெரம்பூர்

ஏறும். 2003-இல் வெளியான இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வில், ஒரே ஷாம்பெயினைக் குமிழியோடும் குமிழியை நீக்கியும் கொடுத்துப் பார்த்தார்கள். குமிழியோடு குடித்தவர்களின் ரத்தத்தில் ஆல்கஹால் முதல் சில நிமிஷங்களில் வேகமாக ஏறியது. ஆகவே ருசி பார்க்கப் போகும் நாளில் வண்டிச் சாவி வீட்டிலேயே இருக்கட்டும். இதில் மட்டும் எனக்கு விளையாட்டு கிடையாது.

◆ கேக்கோடு ப்ரூட் குடித்தேன், புளித்த மோர் மாதிரி இருந்தது. – வாசகி, பெங்களூரு

கேக்கின் இனிப்பு ஒயினில் இருந்த கொஞ்சநஞ்ச இனிப்பையும் அமுக்கிவிட்டது, மிஞ்சியது புளிப்பு. இனிப்புப் பண்டத்துக்கு அதைவிட இனிப்பான ஒயின் வேண்டும்: டெமி ஸெக், அல்லது 5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலே உள்ள மொஸ்காத்தோ த’அஸ்தி. ப்ரூட்டுக்கு எண்ணெயில் பொரித்தது, உப்பானது. அதன் புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்துவிடும். வாழைக்காய் பஜ்ஜியோடு ஒருமுறை பாருங்கள், எனக்கு நன்றிக் கடிதம் வரும்.

◆ ஒயினுக்கு விநோதமாக வரி போட்ட நாடு உண்டா? – வரி ஆலோசகர், நுங்கம்பாக்கம்

வரியில் ஜெர்மனியை மிஞ்ச முடியாது. 1902-இல் பேரரசரின் போர்க்கப்பல் படைக்குப் பணம் திரட்ட நுரைக்கும் ஒயினுக்கு என்றே ஒரு வரி போட்டார்கள். 1919-இல் அந்தக் கப்பல்கள் ஸ்காபா ஃப்ளோவில் மூழ்கடிக்கப்பட்டன. வரி 1933-இல் கொஞ்சம் ஓய்வெடுத்து 1939-இல் திரும்பி வந்தது, இன்றும் இருக்கிறது. கப்பல் மூழ்கிவிட்டது, வரி மிதக்கிறது.

◆ ராட்சச பாட்டில்களுக்கு ஏன் பைபிள் பெயர்கள்? – வாசகர், வேளாங்கண்ணி

காரணத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். மேக்னம் 1.5 லிட்டர், ஜெரோபோவாம் 3, மெத்தூசலா 6, நெபுகாத்நேச்சார் 15. அதாவது 20 பாட்டில் ஒரே பாட்டிலில். ஊற்றுவதற்கு ராஜாவால் முடியாது, இரண்டு சேவகர் வேண்டும்.

◆ நம் நாட்டில் நல்ல ஸ்பார்க்ளிங் கிடையாதா? – வாசகர், கடலூர்

ஏன் இல்லை? மகாராஷ்டிரத்தின் நாராயண்காவில் 1980-களிலேயே ‘ஒமர் கய்யாம்’ என்ற நுரைக்கும் ஒயின் பாட்டிலுக்குள் நொதித்தது. இன்று நாசிக் பக்கம் சூலா செய்கிறது, பிரெஞ்சு ஷாந்தோனும் அங்கே செய்திருக்கிறது. அடுத்த ஒப்பீட்டில் ஒரு நாசிக் பாட்டிலையும் நிறுத்துங்கள். லேபிளை மறைத்துத்தான்!

◆ நான் குடிப்பதில்லை. இந்தப் பக்கம் எனக்கு எதற்கு? – வாசகி, ஸ்ரீரங்கம்

நாக்கு ஆல்கஹால் கேட்பதில்லை, கவனம் கேட்கிறது. பன்னீர் சோடா மூன்று கம்பெனியுடையது வாங்குங்கள். ஒரே மாதிரி டம்ளர், ஒரே குளிர், பெயர் மறைப்பு. எதில் பன்னீர் முந்துகிறது, எதில் சர்க்கரை, எதன் வாயு நாக்கைக் கடிக்கிறது? எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள். ஷாம்பெயின் குடிக்கிற பலரைவிட நீங்கள் தேறிவிடுவீர்கள்.

◆ கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறேன். இந்த ஷாம்பெயின் கூட்டத்தில் எங்களுக்கு இடம் உண்டா? – விவசாயி, தேனி

பந்தியிலேயே இடம் உண்டு, ஐயா! உங்கள் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. அதன் பெற்றோரில் ஒன்று அலெக்ஸாந்திரியா மஸ்கட். அந்த மஸ்கட்டைப் பெற்றது சின்னக் காய் வெள்ளை மஸ்கட், அதாவது இத்தாலியின் அஸ்தியில் நுரைக்கிறதே, அதே திராட்சை. உங்கள் கொடியில் தொங்குவது மொஸ்காத்தோவின் பேத்தி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஷாம்பெயின்காரர்கள் ஊர்ப் பெயரை எப்படிக் காத்தார்கள் என்று மேலே படித்தீர்கள் அல்லவா? அந்தப் பிடிவாதம் உங்களுக்கும் வரட்டும்.

◆ சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதுதான் உயர்ந்தது? – வாசகர், கும்பகோணம்

முதல் கேள்வி கேட்டவரே கடைசிக் கேள்வியும் கேட்கிறார், வாழ்க! இந்தப் பத்திரிகையின் தாளைக் கிழித்து மூன்று பாட்டிலிலும் சுற்றுங்கள், 1, 2, 3 என்று எழுதுங்கள். நண்பர்கள் ருசி பார்த்து, விவாதித்து, தீர்ப்பெழுதி, சாப்பிட உட்காரட்டும். அப்புறம் அவரவர் விருப்பப்படி ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பேசாமல் கவனியுங்கள். எழுதிய தீர்ப்பைத் தூக்கிப் போடுங்கள். எந்த பாட்டில் முதலில் காலியாகிறதோ, அதுதான் உயர்ந்தது. தாளை அப்போது பிரியுங்கள்.